சோழவரம் போய் வந்த வண்டி

நீலாஞ்சனாவுக்குக் கல்யாணம் ஆனபோது, வந்தவாசியில் அரிசி மில் வைத்திருந்த அவள் அப்பா ஒரு பியட் கார் கொடுத்து அனுப்பினார். புதுசு இல்லை, மதராஸில் ஒரு வக்கீல் ஓட்டிவிட்டு விற்றது. இருந்தாலும் அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் சொந்தக் கார் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த தர்மநாதன் வீட்டு வாசலில் அந்தச் சாம்பல் நிற வண்டி வந்து நின்றதிலிருந்து, மருமகளைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டவர்களைவிட "கார் கொண்ணாந்த பொண்ணு" என்று சொன்னவர்கள்தான் ஊரில் அதிகம்.

அவள் புருஷன் சம்பவநாதனும் முதலில் காரைத்தான் பார்த்தான். மதராஸில் காலேஜ் படித்த நாளில் கூடப் படித்த ராஜாராம் அவனைச் சோழவரத்துக்கு அழைத்துப் போயிருந்தான். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் தை மாதத்தில் கார் பந்தயம் நடக்கும். அந்தச் சத்தம் அவன் காதுக்குள் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. பட்டம் வாங்கி ஊர் வந்து மண்டியில் உட்கார்ந்து மூட்டைக்கு எடை பார்த்தபோதும் அவன் மனசு அந்தத் தாரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் வண்டி கொடுத்த மறு மாதமே பின் சீட்டைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டான். கனம் குறைந்தால் வேகம் கூடுமாம்.

புதுப் பெண்ணும் புருஷனும் பேசிக்கொள்ள அந்த வீட்டில் அதிகம் இல்லை. மாமியார் இல்லாத வீடு. மாமனார் தர்மநாதன் பேசினால் மல்லாட்டை விலை, பேசாவிட்டால் மௌனம். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது; அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டால் அப்புறம் வீடே ஓய்ந்துவிடும். ஒரு நாள் காலை கொட்டகையிலிருந்து சம்பவநாதன் குரல் கொடுத்தான்.

"நீலா, இன்னா பண்ற? இங்க வந்து இந்த ஹாண்டிலக் கொஞ்சம் சுத்து."

அப்படித்தான் தொடங்கியது. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் அமுங்கி நிற்கும் நேரம் பார்த்து நெருப்புப் பொறி விழவேண்டும். எப்போது விழுவது என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கைக்கடக்கமான உருளை ஒன்று முடிவு செய்கிறது. அதை ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும். சரியாக வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் ஹாண்டிலைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற, மற்றவர் ஒயரில் மாட்டிய சின்ன பல்பைப் பார்த்தபடி உருளையைத் திருப்ப வேண்டும். எஞ்சின் சக்கரத்தில் போட்ட கோடு இடத்துக்கு வரும்போது பல்பு எரிந்தால் சரி. டைமிங் வைப்பது என்று இதற்குப் பேர்.

கொட்டகைக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கிணறு. அதனால் அவர்களுக்குள் ஒரு பேச்சு வந்துவிட்டது. "சுவத்துப் பக்கம் கொஞ்சம்" என்றால் பொறி பிந்த வேண்டும். "கெணத்துப் பக்கம்" என்றால் முந்த வேண்டும். செஞ்சியில் கிடைக்கிற பெட்ரோலுக்குச் சுவர்ப் பக்கம்தான் சரி. முந்த வைத்தால் மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம் வரும். சோழவரத்தில் ஊற்றுகிற உசத்திப் பெட்ரோலுக்கு முந்த வைக்கலாம். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். ஊருக்கு ஒரு வைப்பு, பந்தயத்துக்கு ஒரு வைப்பு. போகும்போதும் வரும்போதும் மாற்றியாக வேண்டும்.

கிளட்சும் அப்படித்தான். அவன் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திருகுவான். அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து, எவ்வளவு தூரம் சும்மா போகிறது, எங்கே பிடிக்கிறது என்று சொல்வாள். பிடிமானம் அவள் கால் வழியாகத்தான் அவனுக்குத் தெரியும். "இன்னும் அரை விரல் கொறைங்க" என்று மேலிருந்து அவள் சொல்ல, கீழிருந்து அவன், "அட, கரெக்டுதான்டி" என்பான். அந்த "டி" அவளுக்கு இனிக்கும். ராத்திரியெல்லாம் பேசாத மனிதன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டால் காலேஜ் கதை, மதராஸ் கதை எல்லாம் சொல்வான். அவள் சிரிப்பு கிணற்றடி வரைக்கும் கேட்கும். பாத்திரம் துலக்க வருகிற விருத்தாம்பாள், "காருன்னு ஒண்ணு வந்துதான் உங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சிருக்குதும்மா" என்று ஒரு நாள் சொன்னாள். நீலாஞ்சனா அதை மறுக்கவில்லை.

மாமனார் மட்டும் அவள் விரல் நகத்தில் கிரீஸைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றார். அவள் நகத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டாளே தவிர, கொட்டகைக்குப் போவதை நிறுத்தவில்லை.

முதல் வருஷம் சம்பவநாதன் தனியாகப் போய்ப் பந்தயத்தில் ஓட்டிவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான். கிளட்ச் வழுக்கிவிட்டதாம். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. "நல்ல ஸ்பிரிங்கா, கெட்டியா ஒரு செட்டு போட்டா எவனும் கிட்ட வர முடியாது. ராஜாராம் கடையில இருக்குது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான். ராஜாராமுக்கு மவுண்ட் ரோடு பக்கத்தில் கார் சாமான் கடை.

அந்தக் கோடையில்தான் அவன் அதைச் சொன்னான். பனமலை ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. மல்லாட்டை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு விடிகாலையில் இருவரும் புறப்பட்டுப் போய், ஏரிக்குள் வண்டியை இறக்கினார்கள்.

"எறங்கி இந்தப் பக்கம் வா. நீ ஓட்டு" என்றான்.

"நானா? வெளையாடறீங்களா?"

"வர்ற தையில பொம்பளங்களுக்குன்னு தனியா ஒரு ரேஸு வெக்கிறாங்களாம். ராஜாராம் சொன்னான். நீ ஓட்டுற. உன்ன மாதிரி இந்த கிளட்ச்சத் தெரிஞ்சவ அங்க ஒருத்தி வரப் போறதில்ல."

முதல் நாள் வண்டி தவளைபோலத் தத்திற்று. அப்புறம் தத்தவில்லை. பெடலைத்தான் அவளுக்கு முன்பே தெரியுமே. ஸ்டீயரிங்கும் கியரும் கைக்கு வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. ஏரிக்குள் காய்ந்த மண்ணில் நான்கு கல் வைத்து அவன் வளைவு குறித்துக் கொடுத்தான். அவள் வளைத்து வளைத்து ஓட்ட, கரையில் ஆடு மேய்த்த கிழவர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது கியரில் காற்று முகத்தில் அறைந்தபோது நீலாஞ்சனாவுக்குத் தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. இறங்கியதும் சம்பவநாதன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான், ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை குலுக்குவதுபோல. கோடை முழுக்கப் போனார்கள். அந்தக் கோடையை நம்பித்தான் அவள் அந்த வருஷத்தை ஓட்டினாள்.

மார்கழியில் ராஜாராமிடமிருந்து கிளட்ச் செட்டு வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரிப் பட்டறையில் இருந்த முருகையனைக் கூப்பிட்டு கியர்பாக்ஸை இறக்கிப் பொருத்தினார்கள். புது ஸ்பிரிங்கில் பெடல் கல்லாக இருந்தது. நீலாஞ்சனா காலை ஊன்றி மிதித்துப் பழகினாள். தொடை வலித்தது, பொறுத்துக்கொண்டாள். விழுப்புரத்திலிருந்து அவளுக்குக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தான் சம்பவநாதன். புடவைக்குக் கீழே அதைப் போட்டுக் கொட்டகைக்குள் நடந்து பார்த்தபோது விருத்தாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாமனாரிடம் ராஜாராம் வீட்டில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

சோழவரத்தில் வெயிலும் புழுதியும் பெட்ரோல் வாசனையுமாக ஜனம் நெரிந்தது. ஓடுதளத்தின் ஓரத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். உசத்திப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, பானெட்டைத் திறந்து, வழக்கம்போல அவள் ஹாண்டிலைச் சுற்ற அவன் பல்பைப் பார்த்துத் திருப்பினான். புடவை கட்டிய பெண் ஒருத்தி கார் ஹாண்டிலைச் சுற்றுவதைப் பக்கத்தில் சிகரெட் பிடித்தபடி நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கிளட்சையும் சரி பார்த்தார்கள். காலையில் ஆண்கள் பந்தயத்தில் சம்பவநாதன் நாலாவதாக வந்தான். கிளட்ச் வழுக்கவில்லை. இறங்கியபோது அவன் முகம் வேர்வையில் பளபளத்தது.

மத்தியானம் அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நீலா, ஒண்ணு சொல்றன், கோச்சிக்காத. அமிர்தவல்லி ஓட்டட்டும்."

"யாரு அமிர்தவல்லி?"

"ராஜாராம் தங்கச்சி. நல்லா ஓட்டுவா."

"எந்த வண்டிய?"

அவன் தரையைப் பார்த்தான். "நம்ம வண்டியத்தான். இங்க பாரு, பேப்பர்காரன் எல்லாம் வந்து போட்டோ புடிச்சிக்கினு இருக்கான். நாளைக்கு நைனா கண்ணுல பட்டா இன்னா ஆவும்? கடைத்தெருவுல ஒருத்தன் பாக்கியில்லாம பேசுவான். குடும்பப் பொம்பளை."

"பனமலை ஏரியில நான் யாரா இருந்தேன்?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

கட்டிய கயிற்றை அவிழ்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்துக்கு அவளும் அவன் சொன்னதை நம்பினாள். பயந்துவிட்டான், கடைசி நிமிஷத்தில் அப்பாவை நினைத்துப் பயந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பயத்தை மன்னிக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அமிர்தவல்லி வந்தாள். சல்வாரும் தலையில் ஸ்கார்ஃபுமாக, நீலாஞ்சனாவைவிடச் சிறியவள், நல்ல சிரித்த முகம்.

"நீங்கதானே மிஸஸ் சம்பவநாதன்? இந்தக் கிளட்ச் ரொம்ப ஹெவியா இருக்கே, எங்க பிடிக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன். உங்களைக் கேட்கச் சொன்னார்."

"மேல வர்றப்போ, பாதிக்கு மேலதான் புடிக்கும். சட்டுனு விடாதீங்க."

"தேங்க்ஸ். நான் அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன், ரேஸுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கணும்னு. இந்த செட்டைக் கொடுத்தபோதே பேசி வெச்சதுதானே. என் தங்கச்சி ஓட்டுறதா இருந்தா இந்தா எடுத்துக்கோன்னு அண்ணன் சொன்னார், உங்க ஹஸ்பெண்டும் சரின்னார். ஆனா வண்டி இன்னிக்குத்தான் கண்ணுல படுது."

அந்தப் பெண் கபடில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். நீலாஞ்சனா கான்வாஸ் ஷூவோடு நின்றாள். செட்டு வந்தது மார்கழியில். அப்படியென்றால் தொடை வலிக்க வலிக்க அந்தப் பெடலை அவள் மிதித்துப் பழகியபோதே அவனுக்குத் தெரியும். ஷூ வாங்கி வந்தபோது தெரியும். ஹாண்டில் சுற்ற ஆள் வேண்டும், கிளட்ச் பிடிமானம் பார்க்கக் கால் வேண்டும். அதற்காக அழைத்து வந்திருக்கிறான்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அமிர்தவல்லிக்கு ஏதோ உறைத்தது. பார்வை கீழே போய் அந்த ஷூவில் நின்றது.

"நீங்க ஓட்டுறதா இருந்தீங்களா? எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க. நீங்களே ஓட்டுங்க. நான் அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பல வருஷம் கழித்தும் அந்த நிமிஷம் அவளுக்கு எரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் இரக்கப்பட்டு நீட்டியதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. அவள் அப்பா கொடுத்த வண்டியில் அவள் ஏறுவதற்கு இன்னொருத்தி விட்டுக்கொடுக்க வேண்டுமா?

"வேணாம். நீங்க போங்க. ரெண்டாவது வளைவுல கியரைக் கொறைக்காதீங்க, வண்டி தாங்கும்" என்றாள்.

அமிர்தவல்லி ஜெயித்தாள். சொன்னபடியே இரண்டாவது வளைவில் கியரைக் குறைக்காமல் எடுத்து முன்னால் வந்தாள். ஒலிபெருக்கியில் அவள் பேரும், வண்டி தந்து உதவியவர் செஞ்சி சம்பவநாதன் என்றும் சொன்னார்கள். ராஜாராம் சம்பவநாதனைத் தூக்கிச் சுற்றினான். சின்ன வெள்ளிக் கோப்பை ஒன்று வண்டிக்காரருக்கும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் திண்டிவனத்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிட்டது. நீலாஞ்சனா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இனிச் சாப்பிடவும் முடியாது. அவனும் அதைக் கேட்கவில்லை. செஞ்சி வரைக்கும் கிளட்சைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

கோப்பையைப் பார்த்த மாமனார் முதலில் முறைத்தார். அப்புறம் ஊர் வந்து பார்க்க ஆரம்பித்ததும் அவருக்கும் பிடித்துப்போனது. வருகிறவர்கள் கண்ணுக்கு முன்பக்கத்தில் எழுதிய பந்தய நம்பர் தெரிய வேண்டும் என்று சம்பவநாதன், எப்போதும் முகம் உள்ளே பார்க்க நிற்கிற வண்டியைப் பின்னால் தள்ளிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தான். நம்பரை அழிக்கவும் இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே, "உங்க சம்சாரமும் கூட வந்தாங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமா, வந்தா. ஹாண்டில் சுத்த ஒரு ஆள் வேணுமில்ல?" என்று சொல்லிச் சம்பவநாதன் சிரித்தான். குமாஸ்தாவும் சிரித்தார்.

டம்ளர் எடுக்க வந்த நீலாஞ்சனா அதைக் கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவனோடு பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

பந்தயத்துப் பெட்ரோல் தீர்ந்து ஊர்ப் பெட்ரோல் ஊற்றியதும் வண்டி கூழாங்கல் குலுக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தர்மநாதன் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். காலையில் சம்பவநாதன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"நீலா, வா. டைமிங்க மாத்தணும்."

"மாவு ஆட்டுறேன்."

"விருத்தாம்பாள் ஆட்டட்டும். நீ வா."

"கை ஈரமா இருக்குது" என்றாள்.

அவன் முணுமுணுத்துவிட்டுத் தானே செய்யக் குனிந்தான். பல்பும் வைக்கவில்லை, கோடும் பார்க்கவில்லை. இத்தனை தடவை செய்ததுதானே என்ற மிதப்பு. நீலாஞ்சனா ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து சமையலறை ஜன்னலில் நின்றாள். பார்க்க வேண்டும் என்று நிற்கவில்லை. கால் தானாகப் போய் நின்றது. அவன் உருளையின் பிடியைத் தளர்த்தினான். பழக்கப்பட்ட கை பழக்கப்பட்ட பக்கம் போனது. சுவர்ப் பக்கம் திருப்பினான்.

வண்டி திரும்பி நிற்கிறது. சுவர்ப் பக்கம் இப்போது சுவர்ப் பக்கம் இல்லை. பொறியைப் பிந்த வைப்பதாக நினைத்து, ஏற்கெனவே முந்தி இருந்ததை இன்னும் முந்த வைத்துவிட்டான்.

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலிலிருந்து கூப்பிட்டாலே கேட்கும் தூரம்தான். அவன் உள்ளே ஏறிச் செல்ஃபைப் போட்டான். பேட்டரி படுத்திருந்தது, எஞ்சின் முக்கிவிட்டு நின்றது. இறங்கி ஹாண்டிலை எடுத்தான். பொறி அவ்வளவு முந்தி விழுந்தால் மேலே ஏறுகிற பிஸ்டனை அது பாதியிலேயே கீழே உதைக்கும், எஞ்சின் பின்னால் சுழலும், அதோடு ஹாண்டிலும் சுழலும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஹாண்டில் சுத்த ஒரு ஆள் வேணுமில்ல என்ற சிரிப்பு அவள் காதில் இருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம்தான் அவன் அலறினான்.

வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. விருத்தாம்பாள் ஓடிப்போய் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்தாள். தர்மநாதன் ஓடி வந்து, "ஐயையோ, திண்டிவனம் கொண்டு போவணும்! பஸ்ஸு எப்பவோ! யாரையாவது கூப்புடு, முருகையன கூப்புடு!" என்று வாசலுக்கும் கொட்டகைக்கும் அலைந்தார். முருகையன் லாரியோடு வேலூர் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

நீலாஞ்சனா சமையலறையிலிருந்து இறங்கி வந்தாள். நேராக வண்டியிடம் போய்ப் பிடியைத் தளர்த்தி, உருளையைக் கிணற்றுப் பக்கம் வேண்டிய அளவு திருப்பி இறுக்கினாள். கீழே கிடந்த ஹாண்டிலை எடுத்துப் போட்டு, ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்த சம்பவநாதன் அந்த வலியிலும் அவளையே பார்த்தான்.

"மாமா, அவரப் புடிச்சி முன்னால உக்கார வையுங்க. நீங்க பின்னால சாக்கு மேல உக்காந்துக்குங்க" என்றாள்.

"நீயா ஓட்டப் போற?"

"வேற யார் இருக்காங்க?"

கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. மாட்டு வண்டிகளுக்கு நடுவில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவில், அந்தக் கல்லுக் கிளட்சை மிதித்து மிதித்து அவள் நகர்த்தினாள். ஊர் தாண்டியதும் மூன்றாவது கியர் போட்டாள். குண்டு குழியில் அவன் முனகும்போது மட்டும் வேகத்தைக் குறைத்தாள். தர்மநாதன் பின்னாலிருந்து, "பாத்து ஓட்டும்மா, சீக்கிரம் போம்மா" என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். தார் ரோடு அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஏரியில் வந்த கூச்சல் வரவில்லை. பக்கத்தில் முறிந்த எலும்போடு புருஷன் உட்கார்ந்திருக்க, எத்தனை நாள் ஆசைப்பட்ட சக்கரம் கையில் இருந்தும், அவளுக்கு நெஞ்சில் ஒன்றுமே எழவில்லை.

திண்டிவனத்தில் எலும்பு டாக்டர் இரண்டு இடத்தில் முறிவு என்று சொல்லிக் கட்டுப் போட்டார். வெளியே வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு வாடகைக் கார் டிரைவர் நின்றிருந்தார். தர்மநாதன் பேசிக் கூட்டி வந்திருந்தார்.

"அவசரத்துக்கு ஓட்டிக்கினு வந்த, சரி. இப்ப இன்னா அவசரம்? ஊரு கூடி வேடிக்கை பாக்குறதுக்கா? நீ பின்னால உக்காரு" என்றார்.

முன்னால் இடமில்லை, பின்னால் மருமகளோடு சாக்கில் உட்காரவும் முடியாது என்று மாமனார் பஸ்ஸில் வந்தார். சாக்கின் மேல் உட்கார்ந்து நீலாஞ்சனா வீடு வந்து சேர்ந்தாள். அந்த டிரைவருக்குக் கெட்டிக் கிளட்ச் பழக்கமில்லை. வழியெல்லாம் பெடலில் பாதிக் காலை வைத்துக்கொண்டே வந்தார். கிளட்ச் கருகும் நாற்றம் வண்டி முழுக்க அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சம்பவநாதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் நாற்றம் தெரியாமல் இருக்காது. காலை எடுக்கச் சொல்லி அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே வண்டியை விற்றுவிட்டார்கள். திருவண்ணாமலையிலிருந்து யாரோ வந்து பார்த்து, புது கிளட்ச் போடவேண்டும் என்று விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிப் போட்டிருந்த பின் சீட்டையும் தூசி தட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். சித்திரையில் அவளைப் பார்க்க வந்த அப்பா கொட்டகையில் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்கம்மா?" என்றார். "அவருக்குக் கை முடியல நைனா" என்றாள். அதற்கு மேல் அவர் தோண்டிக் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே பஸ் ஏறிப் போனார்.

கை சேர்ந்தது, ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. பேனா பிடிக்க முடிந்தது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காலையில் மண்டிக்குப் போகும்முன் நீலாஞ்சனாதான் போட்டு விடுவாள். அவர்கள் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நிற்பது அந்த ஒரு நேரம்தான். ஆடி மாதத்தில் ஒரு நாள், அவள் இரண்டாவது பொத்தானில் இருந்தபோது அவன் கேட்டான்.

"அன்னிக்கு நீ வந்து எதையும் பாக்காம நேரா கெணத்துப் பக்கம் திருப்பின."

அவள் பொத்தானைத் துளைக்குள் நுழைத்தாள்.

"நான் தப்பாத் திருப்புனத பாத்துக்கினுதானே இருந்த?"

"ஆமா."

அவள் மறுப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"தெரிஞ்சே ஏன் சொல்லல நீலா?"

"நீங்களும் தெரிஞ்சேதானே என்ன சோழவரம் கூட்டிக்கினு போனீங்க."

அவன் முகம் முதலில் ஒன்றும் புரியாததுபோல் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல மாறியது. ராஜாராம் சொன்னானா, அவன் தங்கச்சி சொன்னாளா என்று கேட்க வாய் எடுத்து, கேட்காமல் விட்டான். அவளும் சொல்லவில்லை. முன் அறையில் தர்மநாதன் செருமினார். மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

"விடு. மிச்சத்த நானே போட்டுக்கறேன்" என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இடது கையால் மூன்றாவது பொத்தானைப் பிடித்து அவன் தடவிக்கொண்டிருந்தான். அது வழுக்கி வழுக்கிப் போனது. கொஞ்ச நேரம் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, உலையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்க, உள்ளே போய் அரிசியைக் களைந்து போட்டாள். திரும்பி வந்தபோது அவன் சட்டையை அப்படியே பாதி திறந்தபடி விட்டுவிட்டு, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டிருந்தான்.